டீகாஃப் காபி: ருசியும் குறையக் கூடாது, விலையும் கட்டுப்படியாகணும் - உறையூர் ஃபில்டர் காபி பிரியர்களுக்கு என்ன வழி?

திருச்சி உறையூர் சாலை ரோட்டிலோ, பக்கத்தில் தில்லை நகரிலோ ஒரு காபிப் பொடிக் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். "அண்ணே, பீபெரி கால் கிலோ, எண்பதுக்கு இருபது போட்டு அரைச்சுக் குடுங்க" என்ற குரல் நாலு முறையாவது கேட்டுவிடும். எண்பது பங்கு காபி, இருபது பங்கு சிக்கரி. இதில் கடைக்காரருக்கு எந்தக் குழப்பமும் வராது.

"டீகாஃப் இருக்கா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் அவர் கொஞ்சம் யோசிப்பார். தெருமுனைக் கடைகளின் வழக்கமான பட்டியலில் காஃபின் நீக்கிய காபிப் பொடி இருப்பது அபூர்வம்.

ஆனால், அதைத் தேட வேண்டிய நிலையில் பலர் இருக்கிறார்கள். "காபியைக் குறைங்க" என்று டாக்டர் சொன்ன கர்ப்பிணிகள், ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வராமல் புரளும் பெரியவர்கள், இரண்டு டம்ளர் குடித்தாலே நெஞ்சு படபடக்கிறவர்கள் என்று பட்டியல் நீளும்.

இவர்களில் சிலர் காபியை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, தலைவலி தாங்காமல் மூன்றாம் நாளே மீண்டும் ஃபில்டரைக் கையில் எடுக்கிறார்கள். சிலர் விலை கொடுத்து ஒரு டீகாஃப் பாட்டில் வாங்கி, "சப்புன்னு இருக்கு" என்று அலமாரியின் பின்பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

உண்மையில் டீகாஃபுக்கு ருசி சேர்க்கத் தேவையானது நம் ஊர் அடுப்படியிலேயே இருக்கிறது. அது என்ன, ஒரு டம்ளருக்கு எவ்வளவு செலவாகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது, யாருக்கு டீகாஃப் உதவும், யாருக்கு உதவாது?

டீகாஃப் என்றால் காஃபின் பூஜ்யமா?

இல்லை. காஃபினில் பெரும்பகுதியை நீக்கிய காபிதான் டீகாஃப். கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் கணக்குப்படி, 8 அவுன்ஸ், அதாவது சுமார் 240 மில்லி டீகாஃப் காபியில் 2 முதல் 15 மில்லிகிராம் காஃபின் இருக்கலாம். ஐரோப்பிய நாடுகளில் டீகாஃப் என்று விற்க வேண்டுமானால், வறுத்த காபியில் 0.1 சதவீதத்துக்கு மேலும், இன்ஸ்டன்ட் காபியில் 0.3 சதவீதத்துக்கு மேலும் காஃபின் இருக்கக் கூடாது.

அதனால், "டீகாஃப்தானே" என்று ராத்திரி நாலு டம்ளர் குடிப்பது சரியாக வராது. ஆனால், சாதாரண காபியோடு ஒப்பிட்டால் இந்த அளவு மிகவும் குறைவு.

நம்ம ஃபில்டர் காபியில் எவ்வளவு காஃபின் இருக்கும்?

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அராபிகா கொட்டையில் சுமார் 1.2 சதவீதம் காஃபின் உண்டு. ரோபஸ்டாவில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதாவது 2.2 சதவீதம் வரை.

ஒரு டம்ளர் ஸ்ட்ராங் காபிக்கு 10 கிராம் பொடி என்று வைத்துக்கொள்வோம். எழுபதுக்கு முப்பது கலவை என்றால் அதில் காபி 7 கிராம், சிக்கரி 3 கிராம். காபி பாதி அராபிகா, பாதி ரோபஸ்டா என்றால் அந்தப் பொடியில் 120 மில்லிகிராம் அளவுக்கு காஃபின் இருக்கும். காஃபின் வெந்நீரில் சுலபமாகக் கரையும் என்பதால், பெரும்பகுதி முதல் டிகாஷனிலேயே இறங்கிவிடும்.

அதே 7 கிராம் டீகாஃப் காபியாக இருந்தால்? 0.1 சதவீதம் என்ற ஐரோப்பிய வரம்பின்படி பார்த்தால் 7 மில்லிகிராம்தான்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை என்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியின் பரிந்துரை. மேலே சொன்ன கள்ளிச்சொட்டு காபி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று குடித்தாலே அந்த வரம்பு தாண்டிவிடும்.

சாயந்திரம் குடித்தால் ராத்திரி தூக்கம் ஏன் கெடுகிறது?

உடலில் சேர்ந்த காஃபினில் பாதி வெளியேற சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும். மாலை 5 மணிக்குக் குடித்த காபியில் பாதி, ராத்திரி 10 மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுக்கப் போவதற்கு 6 மணி நேரத்துக்கு முன் 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்குக்கூட, தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது தெரியவந்தது.

கர்ப்ப காலத்தின் கடைசி மாதங்களில் காஃபின் வெளியேறும் வேகம் இன்னும் வெகுவாகக் குறைந்துவிடும். புகைபிடிப்பவர்களுக்கு இது நேர்மாறு. அவர்கள் உடலில் காஃபின் சீக்கிரம் கரைந்துவிடும்.

சுருட்டுக்குப் பெயர் போன ஊர் உறையூர் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். சுருட்டையோ சிகரெட்டையோ விட்டவர்களுக்கு, எப்போதும் குடிக்கும் அதே காபி திடீரென்று அதிகப் படபடப்பைத் தரலாம். புகையை விடும்போதே காபியையும் கொஞ்சம் குறைப்பது நல்லது.

காஃபினை எப்படிப் பிரிக்கிறார்கள்?

வறுத்து அரைத்த பொடியில் இதைச் செய்ய முடியாது. வறுப்பதற்கு முன், பச்சைக் கொட்டையாக இருக்கும்போதே காஃபினை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பெரிய ஆலை வேண்டும்.

ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரீட்லீப் ரூங்க 1819-ல் காபியிலிருந்து காஃபினைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். அதை வியாபாரமாக்கியவர் ஜெர்மனியின் பிரெமன் நகரைச் சேர்ந்த லுட்விக் ரோசெலியஸ். 1906-ல் காஃபி ஹாக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி டீகாஃப் விற்றார். அவர் பயன்படுத்திய பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது பிற்பாடு தெரியவந்ததால், அந்த முறை கைவிடப்பட்டது.

இன்று புழக்கத்தில் இருப்பவை முக்கியமாக நான்கு முறைகள்.

முதலாவது, மெத்திலீன் குளோரைடு முறை. கொட்டையை நீராவியில் ஊறவைத்து, காஃபினை மட்டும் இழுக்கும் இந்தத் திரவத்தால் கழுவுவார்கள். செலவு குறைவு, ருசியும் ஓரளவு தங்கும்.

இரண்டாவது, எத்தில் அசிட்டேட் முறை. பழங்களில் இயற்கையாகவே இருக்கும் பொருள் இது. கொலம்பியாவில் கரும்பிலிருந்து இதைத் தயாரிக்கிறார்கள். பாக்கெட்டில் "கரும்பு டீகாஃப்" என்று போட்டிருந்தால் இந்த முறைதான்.

மூன்றாவது, தண்ணீர் முறை. கனடாவில் ஆலை வைத்திருக்கும் ஸ்விஸ் வாட்டர் நிறுவனத்தின் பெயர் இதில் பிரபலம். காபியின் ருசிப் பொருட்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கும் நீரில் கொட்டையை ஊறவைப்பார்கள். அதனால் ருசி வெளியேறாமல், காஃபின் மட்டும் நீருக்கு இறங்கும். பிறகு அந்த நீரைக் கரி வடிகட்டியில் விட்டு காஃபினைப் பிடித்துவிடுவார்கள்.

நான்காவது, கார்பன் டை ஆக்சைடு முறை. அதிக அழுத்தத்தில், வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் இருக்கும் நிலையில் அது காஃபினைக் கரைத்து எடுத்துவிடும். 1960-களில் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் கர்ட் ஸோசல் இதைக் கண்டறிந்தார். இயந்திரச் செலவு அதிகம்.

பிரித்தெடுத்த காஃபினும் வீணாவதில்லை. குளிர்பான நிறுவனங்களுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் விலைக்குப் போகிறது.

அந்த ரசாயனம் உடம்புக்குக் கெடுதலா?

பலரும் கேட்கும் கேள்வி இது. மெத்திலீன் குளோரைடை அதிக அளவில் சுவாசித்தால் ஆபத்து என்பது உண்மை. ஆனால், அது சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். கொட்டை வறுபடுவதோ 200 டிகிரி அளவில். எனவே, மிஞ்சுவது மிக மிகச் சிறு அளவுதான்.

வறுத்த டீகாஃப் காபியில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இது இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. ஐரோப்பாவில் இந்த வரம்பு 2 பங்குதான். அப்படியும் உணவில் இதை முழுமையாகத் தடை செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் சில அமைப்புகள் மனு கொடுத்திருக்கின்றன.

மனசுக்கு உறுத்தலாக இருந்தால் வழி சுலபம். தண்ணீர் முறை, கார்பன் டை ஆக்சைடு முறை, கரும்பு டீகாஃப் என்று பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கலாம். எந்த முறை என்றே போடாத பாக்கெட்டைவிட, போட்டிருப்பது மேல்.

டீகாஃப் ஏன் சப்பென்று இருக்கிறது?

காஃபின் போனதால்தான் கசப்பு போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. காபியின் கசப்பில் காஃபினின் பங்கு சிறியது. வறுக்கும்போது உருவாகும் வேறு பொருட்களால்தான் அதிகக் கசப்பு வருகிறது.

உண்மையான காரணங்கள் மூன்று.

ஒன்று, ஊறவைத்துக் கழுவும்போது காஃபினோடு சேர்ந்து மணமும் ருசியும் தரும் பொருட்களும் கொஞ்சம் வெளியேறிவிடுகின்றன.

இரண்டு, டீகாஃப் கொட்டை வறுப்பதற்கு முன்பே பழுப்பாக இருக்கும். நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்ல முடியாது. சீக்கிரம் வறுபட்டும்விடும். கை தேர்ந்தவர் வறுக்கவில்லை என்றால் கருகல் வாடை வந்துவிடும்.

மூன்று, கொட்டையின் உள்ளமைப்பு தளர்ந்துவிடுவதால், வறுத்த பிறகு மணம் சீக்கிரம் பறந்துவிடும். வாங்குபவர்கள் குறைவு என்பதால் கடையில் பல மாதம் கிடந்த பாக்கெட்தான் பெரும்பாலும் கைக்கு வரும். பழசான எந்தக் காபியும் சப்பென்றுதானே இருக்கும்?

அடுப்படியில் இருக்கும் அந்த மருந்து: சிக்கரி

வெளிநாட்டினர் போல டீகாஃபை பால் இல்லாமல், கறுப்பாகக் குடித்தால் இந்தக் குறைகள் எல்லாம் நாக்கில் பளிச்சென்று தெரியும். ஆனால், நம்ம ஊர் காபி வேறு மாதிரி. சிக்கரி, கொழுப்புள்ள பால், சர்க்கரை மூன்றும் சேர்ந்துதான் அதன் ருசி.

சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த பொடி. அதில் காஃபின் துளியும் கிடையாது. நெப்போலியன் காலத்துப் போர்த் தடைகளால் ஐரோப்பாவில் காபிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மாற்றாகப் பரவியது இது. இந்தியாவில் குஜராத்தின் ஜாம்நகர் பகுதி சிக்கரி சாகுபடிக்குப் பெயர் பெற்றது.

டிகாஷனுக்குக் கெட்டித்தன்மை, கறுப்பு நிறம், லேசான கசப்பு, கருகிய சர்க்கரை போன்ற வாசனை ஆகியவற்றை சிக்கரி தருகிறது. டீகாஃப் எதை இழந்து நிற்கிறதோ, ஏறக்குறைய அதையேதான் சிக்கரி திருப்பித் தருகிறது. அதனால் தனியாகக் குடித்தால் சோபிக்காத டீகாஃப், எழுபதுக்கு முப்பது கலவையில் பாலோடு சேரும்போது, சாதாரண ஃபில்டர் காபிக்கு வெகு பக்கத்தில் வந்துவிடும்.

காபிப் பொடிக் கடைகளில் சிக்கரி தனியாகவும் கிடைக்கும். காபியைவிட விலை குறைவு. அதிகமாகப் போனால் சிலருக்கு வயிறு உப்புசம் வரலாம். எனவே, முப்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பாக்கெட்டில் அடைத்து விற்கும் காபி - சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டும் எத்தனை சதவீதம் என்று மேலுறையில் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி.

ஏன் விலை இவ்வளவு?

கொட்டையை ஆலைக்கு அனுப்பி, காஃபினை எடுத்து, காயவைத்து, மீண்டும் கொண்டுவரும் செலவு ஒவ்வொரு கிலோவிலும் ஏறுகிறது. இந்த வேலை பெரிய அளவில் செய்தால்தான் லாபம். தெருமுனைக் கடைக்காரர் பத்து கிலோ கொட்டையை மட்டும் கொடுத்து காஃபின் எடுத்து வாங்க முடியாது. வெளிநாட்டிலிருந்து பாட்டிலாக வருவதென்றால் இறக்குமதி வரியும் சேரும்.

அதனால், இங்கே டீகாஃப் பெரும்பாலும் இரண்டு வடிவத்தில்தான் கிடைக்கிறது. ஒன்று, சூப்பர் மார்க்கெட்டிலும் ஆன்லைனிலும் வரும் இன்ஸ்டன்ட் பாட்டில். இன்னொன்று, சிறு காபி நிறுவனங்கள் ஆன்லைனில் விற்கும் வறுத்த கொட்டை அல்லது பொடி.

எது மலிவு? டம்ளர் கணக்கில் பாருங்கள்

பாக்கெட் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரு டம்ளருக்கு எவ்வளவு விழுகிறது என்பதுதான் கணக்கு.

இன்ஸ்டன்ட் டீகாஃப்: ஒரு டம்ளருக்கு 2 கிராம் போதும். 100 கிராம் பாட்டிலில் 50 டம்ளர் வரும். விலையை 50-ஆல் வகுங்கள். உதாரணத்துக்கு பாட்டில் 700 ரூபாய் என்றால், டம்ளருக்கு 14 ரூபாய்.

டீகாஃப் பொடி, சிக்கரி இல்லாமல்: ஒரு டம்ளருக்கு 10 கிராம். 250 கிராம் பாக்கெட்டில் 25 டம்ளர். உதாரணத்துக்கு 600 ரூபாய் என்றால், டம்ளருக்கு 24 ரூபாய்.

டீகாஃப் பொடி, முப்பது சதவீதம் சிக்கரியோடு: ஒரு டம்ளருக்கு டீகாஃப் 7 கிராம்தான். அதே 250 கிராம் பாக்கெட் 35 டம்ளருக்கு வரும். டம்ளருக்கு சுமார் 17 ரூபாய், சிக்கரிக்குக் கொஞ்சம் சில்லறை.

பாதிக்குப் பாதி கலவை: வழக்கமான பொடியையும் டீகாஃபையும் சம அளவில் கலந்தால் செலவு இன்னும் இறங்கும். காஃபின் ஏறக்குறைய பாதியாகும்.

இந்த விலைகள் கணக்குப் புரிவதற்காகச் சொன்னவை. கடையில் உள்ள விலையைப் போட்டு நீங்களே வகுத்துப் பார்க்கலாம்.

செலவைப் பாதியாக்கும் இன்னொரு யோசனை: காலை முதல் காபியை வழக்கம்போலக் குடித்துவிட்டு, மதியத்துக்குப் பிறகு குடிப்பதை மட்டும் டீகாஃபாக மாற்றுவது. தூக்கம்தான் பிரச்சினை என்றால் பலருக்கு இதுவே போதும். ஆனால், டாக்டர் முழுமையாக நிறுத்தச் சொல்லியிருந்தால் இந்த யோசனை பொருந்தாது.

ஃபில்டரில் எப்படிப் போடுவது?

இரண்டு டம்ளருக்கு டீகாஃப் பொடி 14 கிராம், சிக்கரி 6 கிராம் எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். ஃபில்டரின் மேல் அடுக்கில் போட்டு, குடையை வைத்து லேசாக அழுத்துங்கள். ரொம்ப இறுக்கினால் அடைத்துக்கொள்ளும்.

கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆன வெந்நீர் 120 மில்லி. முதலில் இரண்டு ஸ்பூன் ஊற்றி, பொடி நனைந்து உப்பியதும் மீதியை ஊற்றி மூடுங்கள். இருபது நிமிடத்தில் டிகாஷன் இறங்கிவிடும்.

பால் தண்ணீர் கலக்காததாக இருக்கட்டும். டீகாஃபுக்குப் பாலின் கொழுப்பு முக்கியம். டிகாஷனில் பாலை ஊற்றிய பிறகு மீண்டும் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால், இருக்கிற கொஞ்ச மணமும் போய்விடும்.

இன்ஸ்டன்ட் பாட்டில்தான் இருக்கிறது என்றால்? ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் சிக்கரியைக் கொஞ்சம் தண்ணீரில் டீ போல ஒரு கொதி விட்டு வடிகட்டுங்கள். தனி சிக்கரியை ஃபில்டரில் போட்டால் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். வடிகட்டிய சூடான நீரில் 2 கிராம் இன்ஸ்டன்ட் டீகாஃபைக் கரைத்துப் பால் சேர்த்தால், வெறும் இன்ஸ்டன்ட் ருசி மாறி ஃபில்டர் காபியின் சாயல் வந்துவிடும்.

கொட்டையாக வாங்கினால், பழகிய காபிப் பொடிக் கடையில் அரைத்துத் தரக் கேட்டுப் பார்க்கலாம். மெஷினில் முன்பு அரைத்த பொடி கொஞ்சம் ஒட்டியிருக்கும். காஃபின் அறவே கூடாது என்பவர்கள் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஒரே நாளில் மாறலாமா?

தினமும் மூன்று நாலு டம்ளர் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் தொடங்கும். இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு ஒன்பது நாள் வரைகூட நீடிக்கும். இது டீகாஃபின் குற்றம் இல்லை. உடல் காஃபினுக்குப் பழகிப்போனதன் விளைவு.

மெல்ல மாறினால் இந்தத் தொல்லை குறையும். முதல் வாரம் நாலில் ஒரு பங்கு டீகாஃப், இரண்டாம் வாரம் பாதி, மூன்றாம் வாரம் முக்கால், நாலாம் வாரம் முழுவதும் என்று போகலாம். நாக்கும் இதற்குள் புது ருசிக்குப் பழகிவிடும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைவலிக்குப் போடும் சில மாத்திரைகளிலேயே காஃபின் இருக்கிறது. அட்டையின் பின்புறம் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

டீகாஃப் எதற்கு உதவாது?

டீகாஃப் காஃபினை மட்டும்தான் குறைக்கும். காபியின் மற்ற குணங்கள் அப்படியேதான் இருக்கும்.

நெஞ்செரிச்சல்: டீகாஃபும் வயிற்றில் அமிலச் சுரப்பைத் தூண்டும். சிலருக்கு எரிச்சல் குறையலாம், முழுவதும் நிற்கும் என்று சொல்ல முடியாது.

சர்க்கரை நோய்: டம்ளரில் போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை டீகாஃபிலும் அதே இரண்டு ஸ்பூன்தான்.

ரத்தசோகை: உணவில் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் காபியில் உள்ள பாலிஃபீனால்கள் தடுக்கும். டீகாஃபிலும் அவை உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வு-5 (2019-21) படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. எனவே, கர்ப்பிணிகள் டீகாஃபுக்கு மாறினாலும், சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

தைராய்டு மாத்திரை: மாத்திரை போட்ட கையோடு காபி குடித்தால் மருந்து சரியாகச் சேராது. டீகாஃப் என்பதற்காக இதில் சலுகை எடுத்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு இடைவெளி என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படபடப்பு, ரத்த அழுத்தம், கர்ப்பம் ஆகியவற்றுக்காக காபியைக் குறைப்பவர்கள், தங்களுக்கு எவ்வளவு அளவு சரி என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

பீபெரி, கருக வறுத்தது, சுக்கு காபி: எது உண்மை?

"பீபெரியில் காஃபின் கம்மி" என்று ஒரு பேச்சு உண்டு. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒரே உருண்டைக் கொட்டை இருப்பது. அவ்வளவுதான். அது டீகாஃப் ஆகாது.

"நல்லா கருக வறுத்தா காஃபின் போயிடும்" என்பதும் சரியில்லை. வறுப்பதால் காஃபின் அளவு பெரிதாக மாறாது.

டீகாஃப் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடையில் ரோபஸ்டா கலக்காமல் பிளான்டேஷன் ஏ மட்டும் கேளுங்கள். அது அராபிகா. அதோடு முப்பது சதவீதம் சிக்கரி. முன்பு போட்ட கணக்கில் 120 மில்லிகிராம் இருந்த டம்ளர் இப்போது 85 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். சாயந்திரம் இரண்டாம் டிகாஷனில் கலந்தால் இன்னும் குறையும்.

சாயந்திர நேரத்தில் சைக்கிளில் கேன் வைத்து விற்கும் சுக்கு காபியில், பெயரில் காபி இருந்தாலும், சுக்கு, மல்லி, கருப்பட்டிதான் முக்கியம். காபிப் பொடி சேர்க்காமல் போட்டால் அதில் காஃபினே கிடையாது. சிலர் நிறத்துக்காகக் கொஞ்சம் காபிப் பொடி போடுவதுண்டு. "காபித் தூள் போட்டிருக்கீங்களா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

டீக்கு மாறிவிட்டால் போதுமா என்றால், டீயிலும் காஃபின் உண்டு. காபியைவிடக் குறைவு, அவ்வளவே.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வறுத்த தேதி: பேக்கிங் தேதி மட்டும் இருப்பதைவிட, வறுத்த தேதி போட்டிருப்பது நல்லது. ஒரு மாதத்துக்குள் வறுத்ததாக இருந்தால் மணம் இருக்கும்.

காஃபின் நீக்கிய முறை: மேலுறையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிக்கரி அளவு: ஏற்கெனவே கலந்திருந்தால் வீட்டில் மறுபடி சேர்க்க வேண்டாம்.

பாக்கெட்டின் அளவு: முதல் முறை சின்னப் பாக்கெட்டே போதும். ருசி பிடித்த பிறகு பெரிதாக வாங்கலாம். பிரித்த பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

உறையூரிலோ ஸ்ரீரங்கத்திலோ நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, வழக்கமாக வாங்கும் கடையில் "மாசம் இவ்வளவு டீகாஃப் வேணும், வரவழைச்சுத் தருவீங்களா?" என்று கேட்டால், கடைக்காரருக்கும் தைரியம் வரும். கேட்பவர்கள் இருந்தால்தான் சரக்கு வரும், சரக்கு வேகமாக நகர்ந்தால்தான் புதுப் பொடி கிடைக்கும். புதுப் பொடி கைக்கு வந்துவிட்டால், டீகாஃபின் ருசிக் குறையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.